கரிக்கு ஈடாகக் கலை: ரெக்லிங்ஹவுசன் நகரத்தின் கதை

1946ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவைப் பற்றிய குளிர், அந்நூற்றாண்டின் கொடிய குளிர்காலங்களுள் ஒன்று. போர் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஜெர்மனியின் பெருநகரங்கள் கற்குவியல்களாகக் கிடந்தன. ஆறுகள் உறைந்து படகுகள் நின்றன. இருப்புப்பாதைகள் பாதி சிதைந்திருந்தன. இருந்த கொஞ்ச நிலக்கரியும் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. 1943 ஜூலையில் விழுந்த குண்டுகளால் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த ஹாம்பர்க் துறைமுக நகரத்தில், எஞ்சிய சுவர்களுக்கிடையே நாடகங்கள் மீண்டும் நடக்கத் தொடங்கியிருந்தன. ஆனால் அரங்கைச் சூடாக்கவும் மேடை இயந்திரங்களை இயக்கவும் கரி இல்லை. கரி இல்லையென்றால் நாடகம் இல்லை.

இந்த இக்கட்டில் ஹாம்பர்க் நாடக அரங்கின் நிர்வாகியான ஓட்டோ புர்மைஸ்டரும் அவருடைய தோழர்கள் சிலரும், விறகுவாயுவில் ஓடும் இரண்டு லாரிகளை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். ரூர் நிலக்கரி வயல்தான் இலக்கு. எந்தச் சுரங்கம் என்று அவர்களுக்கே தெரியாது. நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது தொலைவில் புகைந்த ஓர் ஆலையைக் கண்டு அத்திசையில் வண்டியைத் திருப்பினர் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அது ரெக்லிங்ஹவுசன் நகரின் சூடர்விஷ் பகுதியில் இருந்த 'கோனிக் லூட்விக்' சுரங்கத்தின் நான்காம் ஐந்தாம் குழிகள். 'லூட்விக் மன்னர்' என்பது அப்பெயரின் பொருள்.

அங்கிருந்த தொழிலாளர்கள் லாரிகளை நிரப்பி அனுப்பினார்கள். அனுமதிச்சீட்டு இல்லை, விலை இல்லை. ரூர் சுரங்கங்கள் அப்போது பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தின் பிடியில் இருந்தன; ஒவ்வொரு டன்னும் கணக்கில் ஏறியாக வேண்டும். அந்தக் கணக்கைத் தாண்டி, இராணுவக் காவலர் கண்டுபிடித்துத் தடுக்கும் வரை, பலமுறை கரி ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தது. அரங்குகளில் விளக்கெரிந்தது. 1947 கோடையில் ஹாம்பர்க்கின் மூன்று அரசு அரங்குகளைச் சேர்ந்த சுமார் 150 கலைஞர்கள் ரெக்லிங்ஹவுசனுக்கு வந்து, நகர மன்றத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் முன் ஓபராவும் நாடகமும் நிகழ்த்தித் தம் கடனைத் தீர்த்தனர். 'கரிக்குக் கலை' என்பதே அந்நிகழ்வின் முழக்கமாக அமைந்தது. அன்று தொடங்கிய ரூர் விழா இன்றும் ஆண்டுதோறும் நடந்துவருகிறது.

கதை இவ்வளவுதான் என்றால் இதை ஓர் இனிய துணுக்காகப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இக்கொடுக்கல் வாங்கலில் கரியைத் தந்தவர்கள் யார், தரும் நிலையில் அவர்கள் இருந்தார்களா, தந்த கைகள் பின்னர் என்னவாயின என்று கேட்கத் தொடங்கினால், ஒரு நகரத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு நம் முன் விரிகிறது.

*

ரெக்லிங்ஹவுசன் கரியால் பிறந்த ஊரன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நகர உரிமை பெற்ற பழைய ஊர் அது. கொலோன் பேராயரின் ஆட்சிப்பகுதியில் இருந்தது. ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் இடம்பெற்றது. புனித பேதுரு ஆலயத்தைச் சுற்றி மதிலும் சந்தையும் கொண்டிருந்தது. நெப்போலியன் காலக் கலக்கங்களுக்குப் பின் 1815இல் பிரஷ்ய அரசின் கைக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த, உழவையும் சிறு வணிகத்தையும் நம்பிய கத்தோலிக்கச் சிற்றூர் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

ரூர் நிலக்கரிப் படுகையின் அமைப்பே அந்த ஊரை அதுவரை காப்பாற்றியிருந்தது எனலாம். தெற்கே ரூர் ஆற்றங்கரையில் கரிப்படிவம் நிலமட்டத்தையே தொடுகிறது. அங்கே உழவர்கள் பல நூற்றாண்டுகளாகவே மண்வெட்டியால் கரி எடுத்துவந்தனர். வடக்கே போகப்போகப் படிவம் சரிந்து ஆழத்துக்குள் இறங்குகிறது. அதன்மேல் சுண்ணாம்புக் களிமண் அடுக்கு தடித்துக் கிடக்கிறது. அந்த அடுக்கைத் துளைக்கவும் ஊறிவரும் நீரை இறைக்கவும் நீராவி இயந்திரம் வேண்டும், பெருமுதலீடு வேண்டும். அதனால் சுரங்கத் தொழில் ஆண்டுக்காண்டு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி, ரூர் ஆற்றைக் கடந்து எம்ஷர் ஆற்றுச் சமவெளிக்கு நகர்ந்தது. 1860களின் இறுதியில் பெல்ஜிய முதலீட்டில் ரெக்லிங்ஹவுசனின் தெற்கே முதல் குழி இறங்கியது. 1870களில் இன்னும் இரு சுரங்கங்கள் எழுந்தன. ஒன்றுக்குப் பிரஷ்யத் தளபதி புளூமெந்தாலின் பெயர். மற்றொன்றுக்குப் பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக்கின் பெயர். மண்ணுக்கடியில் இருளில் உழைக்கும் இடங்களுக்கு மன்னர்களும் தளபதிகளும் தம் பெயரைத் தந்தனர்; உழைப்பவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

உழைக்க ஆட்கள் எங்கிருந்து வந்தனர்? முதலில் சுற்றுவட்ட ஊர்களிலிருந்து; அது போதாதபோது பிரஷ்ய அரசின் கிழக்கெல்லையிலிருந்து. போசன், கிழக்குப் பிரஷ்யா, மேற்குப் பிரஷ்யா, சைலேசியா ஆகிய பகுதிகளிலிருந்து போலிஷ் மொழியும் மசூரியப் பேச்சும் பேசிய லட்சக்கணக்கான மக்கள், முதல் உலகப்போருக்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் ரூர் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். ரெக்லிங்ஹவுசனும் அதன் அண்டையூர்களும் அவர்கள் அடர்ந்து வாழ்ந்த பகுதிகள். போஹும் நகரில் அவர்களுக்கென்று ஒரு போலிஷ் நாளிதழே வெளிவந்தது. சங்கங்கள், பாடற்குழுக்கள், வழிபாட்டு மன்றங்கள் என்று ஒரு தனி உலகம் உருவாகியிருந்தது.

மொழி அங்கே ஓர் எரிபொருளாகவே இருந்தது. 1899இல் பிரஷ்யச் சுரங்கத்துறை, ஜெர்மன் தெரியாதவர்களைச் சில பணிகளில் அமர்த்தக் கூடாது என்று பாதுகாப்பைக் காரணம் காட்டி விதி வகுத்தது. அதே ஆண்டில், ரெக்லிங்ஹவுசனை அடுத்துள்ள ஹெர்னவில், ஊதியப் பிடித்தம் உயர்ந்ததை எதிர்த்துப் போலிஷ் இளைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இராணுவம் வரவழைக்கப்பட்டது. சுரங்கத்துள் எல்லாரும் ஒரே கருமை. மேலே வந்து முகம் கழுவியதும் பிரிவினை தொடங்கிவிடும். முதல் உலகப்போருக்குப் பின் அம்மக்களில் பெரும்பகுதியினர் புதிதாக எழுந்த போலந்துக்கும், வட பிரான்சின் சுரங்கங்களுக்கும் போய்விட்டனர். எஞ்சியவர்கள் மெல்ல ஜெர்மானியராயினர். இன்று ரூர் பகுதியின் காற்பந்து அணிகளிலும் கதவுகளின் பெயர்ப்பலகைகளிலும் 'ஸ்கி' என்று முடியும் பெயர்கள்தாம் அந்தப் பெருங்குடிபெயர்வின் எச்சம்.

சுரங்கத் தொழிலாளியைக் குறிக்க அப்பகுதியில் வழங்கும் சொல் 'கும்ப்பெல்'. அதன் வேர்ச்சொல் லத்தீனில், உடன் அமர்ந்து ரொட்டி உண்பவன் என்ற பொருள் தருவது. நிலத்தடியில் ஒருவன் தவறு இன்னொருவன் உயிர். அங்கே மொழியும் மதமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த அனுபவத்தை ஓரளவு ஏந்தி நிற்கும் சொல் இது. ஓரளவு என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு.

*

1933 மே 2ஆம் நாள் நாஜிகள் ஜெர்மனியெங்கும் தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றினர். முந்தைய நாளைத் தேசிய உழைப்பு நாள் என்று விடுமுறை தந்து கொண்டாடியவர்களும் அவர்களே. 1942 ஜனவரியில் ரெக்லிங்ஹவுசனின் யூதர்கள் ரீகாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் திரும்பியோர் மிகச் சிலர். போர் ஆண்டுகளில் ரூர் சுரங்கங்களின் கரி, பெருமளவுக்கு, பிடித்து வரப்பட்ட சோவியத் போர்க்கைதிகளாலும் கட்டாய உழைப்பாளிகளாலும் வெட்டப்பட்டது. பசியாலும் அடியாலும் அவர்கள் மாண்டபோது, அதே குழிகளில் இறங்கிய 'உடனுண்ணும் தோழர்'களில் சிலர் ஒளித்துவைத்து ரொட்டி தந்தனர், பலர் பார்த்துக்கொண்டிருந்தனர், அடித்தவர்களும் இருந்தனர். 'கரிக்குக் கலை' என்ற அழகிய கதையைச் சொல்லும்போது, அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு வரை இருந்த இந்த நிலையை மறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஹாம்பர்க் கலைஞர்களும் சூடர்விஷ் தொழிலாளர்களும் கைகுலுக்கிக்கொண்ட அந்தக் குளிர்காலம், ஒரு நாகரிகத்தின் தோல்விக்குப் பின் வந்த குளிர்காலம்.

அது அவர்களுக்கும் எளிய காலமன்று. 1946 பிப்ரவரி 20ஆம் நாள், ரெக்லிங்ஹவுசனுக்குக் கிழக்கே பெர்க்காமன் என்னுமிடத்தில் நிகழ்ந்த நிலத்தடி வெடிவிபத்தில் 405 பேர் மாண்டனர். ஜெர்மன் சுரங்க வரலாற்றின் மிகப்பெரிய விபத்து அது. அடுத்த ஆண்டு உணவுப் பங்கீடு சில வாரங்களில் நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. கரி வெட்டுபவர்களுக்குக் கூடுதல் பங்கு உண்டென்றாலும் அதை வீட்டில் காத்திருக்கும் குழந்தைகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். 1947 ஏப்ரல் 3ஆம் நாள் ரூர் பகுதியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். கேட்டது உணவு, அதோடு, சுரங்கங்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்பதும்.

கரி திருட்டு அக்காலத்தில் எல்லாரும் செய்ததுதான். 1946ஆம் ஆண்டின் கடைசி நாள், கொலோன் பேராயர் ஃப்ரிங்ஸ் தம் அருளுரையில், உயிரையும் உடலையும் காக்க இன்றியமையாததை வேறு வழியில் பெற இயலாதபோது எடுத்துக்கொள்வது பாவமாகாது என்ற கருத்தைச் சொல்ல, மக்கள் அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டனர். சரக்கு வண்டியிலிருந்து கரி உருவுவதற்கு 'ஃப்ரிங்ஸன்' என்று பெயர் வந்தது. பேராயர் சொன்னது வயிற்றுக்கும் அடுப்புக்கும். சூடர்விஷ் தொழிலாளர்கள் ஒரு படி மேலே சென்றார்கள். நாடகமும் உயிர் காக்க இன்றியமையாததே என்று அவர்கள் வாயால் சொல்லவில்லை. லாரியில் ஏற்றிய கரியால் சொன்னார்கள். நாம் இந்நிகழ்வை வியப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

*

வகுப்பறையில் ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்கும்போதெல்லாம் நாம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறோம்: கலைஞனின் வறுமையும் புரவலனின் வளமும் எதிரெதிரே நிற்க, பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதே அவ்விலக்கியத்தின் அமைப்பு. கூத்தராற்றுப்படை என்னும் மலைபடுகடாம் கூத்தர்களை நன்னனிடம் அனுப்புகிறது. மலையும் காடும் கடந்து போகும் கூத்தர் கூட்டம் நம் கண்முன் நிற்கும். புரவலனிடம் குவிந்து கிடப்பது கொடையாகிறது. கொடை புகழாகத் திரும்புகிறது.

ஹாம்பர்க் கூத்தர்கள் சென்றதும் அத்தகைய ஒரு வழிதான். ஆனால் அங்கே அவர்களுக்கு எதிர்ப்பட்டவன் நன்னன் அல்லன். பசித்திருந்தவன், தனக்குச் சட்டப்படி உரிமையில்லாத பொருளைத் தண்டனைக்கு அஞ்சாமல் எடுத்துக் கொடுத்தவன். குவியலிலிருந்து கொடுப்பதும் குறையிலிருந்து கொடுப்பதும் ஒன்றல்ல. குறையிலிருந்து கொடுப்பவனுக்குப் புகழ்பாடித் திரும்பிவிட முடியாது. அவனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டுதான் ஆகவேண்டும். 1947 கோடையில் இதைத் தெளிவாக உணர்ந்தவர் ஹாம்பர்க் மேயர் மாக்ஸ் பிரவுவர். நாஜிகளால் நாட்டைவிட்டு ஓடிச் சீனாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்து 1946இல் திரும்பியவர் அவர். சால்ஸ்பர்க் போன்ற இடங்களில் தேர்ந்த சிலருக்காக நடக்கும் விழாக்களைப் போலன்றி, இத்தொழிற்பகுதியின் நடுவே உழைப்பவர்கள் முன் நடக்கும் விழா ஒன்று வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார். அடுத்த ஆண்டிலேயே தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ரெக்லிங்ஹவுசன் நகராட்சியும் கைகோத்து அவ்விழாவை நிலையான அமைப்பாக்கின. தொழிற்சங்கம் உரிமையாளராய் நின்று நடத்தும் நாடக விழா ஐரோப்பாவில் அரிது. பிற்காலத்தில் அதன் தொடக்க நாளாக அமைந்தது மே முதல் நாள். 1933இல் பறிக்கப்பட்ட அந்த நாளைத் திரும்ப எடுத்துக்கொண்ட செயல் என்றே நாம் அதை வாசிக்கிறோம்.

நகரமும் அதோடு மாறியது. 1948இல் 'இளைய மேற்கு' என்ற பெயரில் ஓவியர் குழு ஒன்று அங்கே உருவானது; போருக்குப் பிந்தைய ஜெர்மன் நுண்கலையில் பெரும்பெயர் பெற்ற எமில் ஷூமாகர் அதில் இருந்தார். இரயில் நிலையத்தின் எதிரே நின்ற போர்க்காலப் பதுங்கு கட்டடத்தை இடிக்காமல் 1950இல் ஓவியக் கூடமாக்கினர். குண்டுக்கு அஞ்சி மக்கள் ஒடுங்கிக் கிடந்த சுவர்களில் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று தடைசெய்த நவீன ஓவியம் தொங்கியது. 1956இல் கிழக்குத் திருச்சபைகளின் திருவுருவ ஓவியங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. லட்சம் பேரை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட ஒரு சுரங்க நகரம், கரியைப்போலக் கலையையும் தன் இயல்பான விளைபொருளாக எண்ணத் தொடங்கிய பத்தாண்டு அது.

*

ஆனால் வரலாற்றுக்கு நன்றியுணர்வு கிடையாது. 1957இல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவ்வாண்டு வெட்டிய கரி சுமார் 15 கோடி டன். அடுத்த ஆண்டே சரிவு தொடங்கியது. கடல்கடந்து வந்த அமெரிக்கக் கரி ரூர் கரியைவிட மலிவாக இருந்தது. எண்ணெய் அதைவிட மலிவு. விற்காத கரி மலையாய்க் குவிய, தொழிலாளர்களுக்கு ஊதியமில்லாக் கட்டாய ஓய்வுநாட்கள் வந்தன. பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ரெக்லிங்ஹவுசனின் குன்றின்மேல் விழாவுக்கென்று நிலையான அரங்கம் ஒன்று எழுந்து 1965 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அகன்ற கண்ணாடி முகப்பு, பூங்கா, ஹென்றி மூரின் சாய்ந்து கிடக்கும் வெண்கலச் சிற்பம். பதினெட்டு ஆண்டுகளின் கனவு கல்லாகி நின்றது. அதே 1965ஆம் ஆண்டில் கோனிக் லூட்விக் சுரங்கம் மூடப்பட்டது. கரி கொடுத்த குழி மூடியதும், கரிக்கு ஈடாக எழுந்த மண்டபம் திறந்ததும் ஒரே ஆண்டில். ஒரு புனைகதையில் இப்படி எழுதினால் செயற்கை என்று நாமே குறை சொல்வோம்.

அந்த ஆண்டுக்குப் பின் விழா எதிர்கொண்ட கேள்வியை எளிதாகச் சொல்லிவிடலாம்: கடன் கொடுத்தவன் போய்விட்டால் கடனை யாருக்குத் தீர்ப்பது? தொழிற்சங்கங்கள் வழியாக நுழைவுச்சீட்டு விற்பனை தொடர்ந்தது. ஆயினும் அரங்கை நிறைப்போருள் சுரங்கத்திலிருந்து வருவோர் குறைந்துகொண்டே வந்தனர். தொழிலாளிக்கு ஷேக்ஸ்பியரையும் ஷில்லரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே போதுமா, அவன் வாழ்க்கை மேடையில் ஏற வேண்டாமா என்ற விவாதமும் எழுந்தது.

இவ்விவாதத்தில் இலக்கிய வாசகர்கள் மறக்கக் கூடாத பெயர் ஒன்றுண்டு. மாக்ஸ் ஃபான் டெர் க்ரூன் 1951 முதல் ரூர் பகுதியின் கிழக்கே ஊனா அருகில் ஒரு சுரங்கத்தில் வேலை செய்தவர். நிலத்தடி விபத்தில் சிக்கி மீண்டவர். 1961இல் டோர்ட்முண்ட் நகரில், தொழில் உலகைக் கருப்பொருளாகக் கொண்டு எழுதுவோரின் 'குழு 61' தொடங்கியபோது அதன் முதல்வர்களில் ஒருவராக இருந்தார். 1963இல் வந்த அவருடைய நாவல், சுரங்கத்தில் இறக்கப்பட்ட புதிய இயந்திரம் ஒன்றின் ஆபத்தைச் சொன்னது. தொழிற்சங்கத் தலைமையையும் விட்டுவைக்கவில்லை. இயந்திர நிறுவனம் வழக்குத் தொடுத்துத் தோற்றது. அவர் வேலையை இழந்தார். கரி வெட்டியவன் பார்வையாளனாக அமர்ந்திருக்கும் வரை எல்லாரும் கைதட்டினர். அவனே பேனா எடுத்தபோது மேலாளர்களும் சங்கத்தாரும் ஒருசேர முகஞ்சுளித்தனர். எழுபதாண்டுகளுக்கு முன்பு, 1889ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் பங்கேற்றதால் வேலை பறிபோன சுரங்கக் கவிஞர் ஹைன்ரிஷ் கேம்ப்ஷனின் கதையும் இதற்கு முன்னோடிதான்.

ரெக்லிங்ஹவுசனிலேயே இதற்கொரு மறுமொழி எழுந்தது. குன்றின்மேல் நின்ற அரங்கிலன்று, தெற்கே ஹோஹ்லார்மார்க் என்னும் தொழிலாளர் குடியிருப்பில். அங்கிருந்த சுரங்கம் 1974இல் மூடப்பட்டது. அதன்பின் அக்குடியிருப்பு மக்கள், முதியவர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களுமாகக் கூடிப் பழைய புகைப்படங்களையும் நினைவுகளையும் தொகுத்து, நூறாண்டு ரூர் வரலாற்றைத் தாமே நூலாக்கினர். 1981இல் 'ஹோஹ்லார்மார்க் வாசகம்' என்று அது வெளிவந்தது. 'கரி மட்டுமே எல்லாம் அல்ல' என்று பொருள்படும் ஒரு தலைப்பும் அதற்குண்டு. துணி துவைத்த பெண்களும், கொல்லையில் ஆடு வளர்த்த குடும்பங்களும், 'சுரங்கத் தொழிலாளியின் பசு' என்று அந்த ஆட்டுக்கு வழங்கிய கேலிப்பெயரும் வரலாற்றுக்குள் நுழைந்தது இத்தகைய முயற்சிகளால்தான். 1947இல் கலையைப் பெற்றுக்கொண்ட மக்கள் 1981இல் எழுத்தைத் தந்தனர். கடன் தீர்ந்ததா என்ற கேள்விக்கு இதைவிடச் சரியான விடை விழா மேடையில் கிடைக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

விழாவின் பிற்கால வரலாற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1990 முதல் ஹன்ஸ்குந்தர் ஹைமேயின் பொறுப்பில் அது ஐரோப்பிய விழாவாக விரிந்தது. 2004இல் பெர்லினின் புகழ்பெற்ற இயக்குநர் ஃப்ராங்க் காஸ்டார்ஃப் பொறுப்பேற்று முற்றிலும் சோதனை நாடகங்களைக் கொண்டுவந்தார். பார்வையாளர்கள் பெருமளவில் விலகினர். ஒரே பருவத்தோடு அவரும் விலக்கப்பட்டார். அடுத்து வந்த லக்சம்பர்க்கின் ஃப்ராங்க் ஹாஃப்மன் அரங்கை மீண்டும் நிரப்பினார். காஸ்டார்ஃபின் தோல்வியை மக்களின் ரசனைக்குறைவு என்று சொல்வது எளிது. தமக்கும் அந்த அரங்குக்கும் உறவு உண்டென்று நம்பியதால்தான் அவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள் என்றும் சொல்லலாம். உறவில்லாத இடத்தில் கோபம் ஏது?

*

கரி போனாலும் அதன் கணக்கு முடிவதில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் அடிவயிற்றைக் குடைந்ததால் ரூர் நிலம் பல இடங்களில் பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. மழைநீர் தானாக ஆற்றுக்கு ஓடாது. இரவும் பகலும் நீரிறைப்பான்கள் இயங்கியாக வேண்டும். நிறுத்தினால் ஊர்கள் ஏரியாகும். குழிகளுக்குள் ஊறும் உப்புநீரும் குடிநீரோடு கலவாதபடி இறைக்கப்பட வேண்டும். இவற்றை அங்கே 'என்றென்றைக்குமான கடமைகள்' என்றே அழைக்கிறார்கள். இதற்கென்று 2007இல் ஓர் அறக்கட்டளையே நிறுவப்பட்டது. ஆண்டுக்கு இருபது கோடி யூரோவுக்கும் மேல் செலவாகிறது. நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததால் புதைகுழாய்கள் உடைந்துபோகும் என்று எம்ஷர் ஆற்றையே நூறாண்டுகளாகத் திறந்த சாக்கடையாக்கி வைத்திருந்தனர். 1992இல் தொடங்கிய மீட்புப்பணியில் சுமார் 550 கோடி யூரோ செலவாகி, 2021இன் இறுதியில்தான் அந்த ஆறு கழிவுநீரிலிருந்து விடுபட்டது.

நகரின் தெற்கே, ஹெர்ட்டன் ஊரின் எல்லையில், சுரங்கக் கழிவுகள் குவிந்து ஹோஹெவார்ட் என்னும் செயற்கை மலை நிற்கிறது. அதன் உச்சியில் வானநோக்கு மேடையாக இரு பெரும் எஃகு வளைவுகளை 2008இல் நட்டனர். கீழே கரியின் இருள். மேலே விண்மீன்களின் வழியைக் காட்டும் வளைவு. இன்னொரு வியப்பும் அப்பகுதியில் உண்டு. இளந்தொழிலாளர்களைப் பழக்குவதற்காக 1970களில் கழிவுமேட்டுக்குள்ளேயே ஒரு பயிற்சிச் சுரங்கம் அமைத்தனர். உண்மையான இயந்திரங்கள், உண்மையான தாங்கிகள், உண்மையான இருள். கரி மட்டும் இல்லை. உண்மைச் சுரங்கங்கள் யாவும் மூடிய பின்னும் அது நிலைத்து நிற்கிறது. வேறு எதுவும் எஞ்சாதபோது நாடகக் களம்போல் அமைத்த ஒரு சுரங்கம் எஞ்சியது.

2015 டிசம்பரில், ரெக்லிங்ஹவுசன் மாவட்டத்தின் கடைசிச் சுரங்கம் மார்ல் நகரில் மூடப்பட்டது. 2018 டிசம்பர் 21ஆம் நாள் அண்டை நகரமான போட்ராப்பில், ஜெர்மனியின் கடைசிக் கல்நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கடைசிக் கரிக்கட்டி மேலே வந்தது. அதைக் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையரின் கையில் தொழிலாளர்கள் ஒப்படைத்தனர். குழியிறங்கும்போதும் ஏறும்போதும் 'க்ளூக் அவுஃப்' என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்ட குரல் அன்றோடு தொழிலின் குரலாக இல்லாமற்போய், நினைவின் குரலாயிற்று. கரி எரிந்து வானைக் கெடுத்த கணக்கும் நம் தலைமுறைக்குத் தெரியும். அத்தொழில் முடிந்ததற்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் தொழில் முடிவதும் தொழிலாளி மறக்கப்படுவதும் வெவ்வேறு.

சுரங்கத்துக்கு மன்னரின் பெயர் இருந்தது. கரியேற்றிய மனிதர்களின் பெயர்களோ பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. புரவலர் பெயரைக் காப்பதில் நம் இலக்கியம் கைதேர்ந்தது. நன்னன் பெயர் இரண்டாயிரமாண்டாக நிற்கிறது. பெயரில்லாப் புரவலர்களை எப்படி நினைப்பது என்பதற்கு இலக்கியங்களில் மாதிரிகள் குறைவு. ரெக்லிங்ஹவுசனில் அதற்கொரு வழி கண்டிருக்கிறார்கள்: ஆண்டுதோறும் மே முதல் நாள் அந்தக் குன்றின்மேல் மக்கள் கூடுகிறார்கள், பேச்சும் இசையும் கூத்தும் நடக்கின்றன, குழந்தைகள் புல்வெளியில் ஓடுகிறார்கள். அவர்களுள் எத்தனை பேரின் பாட்டன்மார் கரி வெட்டினர் என்று எவரும் கேட்பதில்லை. நுழைவுச்சீட்டும் கேட்பதில்லை.